நிக்சி குழாயில் எண் பாதி மட்டும் ஒளிர்வது ஏன்?

கேள்வி: பழைய சோவியத் அதிர்வெண் அளவி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் இடது ஓரத்து ஐஎன்-12 வகை நிக்சி குழாயில் (எண்களை ஒளிரவைத்துக் காட்டும் கண்ணாடிக் குழாய்) 8 வரும்போது மேல்பாதி ஒளிர்வதில்லை. மற்ற எண்கள் நன்றாகத் தெரிகின்றன. குழாய்களை எடுத்துவிட்டு எல்இடி பொருத்தும்படி மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து அவசரப்பட வேண்டாம், அந்தக் குழாய் பெரும்பாலும் மீட்கக்கூடிய நிலையில்தான் இருக்கும். முதலில், மின் இணைப்பைத் துண்டித்து மின்தேக்கிகள் வெறுமையானதை மீட்டரால் உறுதிசெய்த பிறகு, அந்தக் குழாயைச் சாக்கெட்டிலிருந்து நேராக இழுத்தெடுத்துப் பக்கத்துக் குழாயுடன் இடம் மாற்றிப் பாருங்கள். குறை குழாயோடு நகர்ந்தால் கோளாறு குழாயில்தான். பழைய இடத்திலேயே நின்றால் குழாயின் நேர்முனைக்குச் செல்லும் மின்னோட்டத்தை அளவாக்கும் மின்தடையை அளந்து பாருங்கள், ஏனெனில் மின்னோட்டம் குறைந்தால் பரப்பு மிகுந்த 8, 0 போன்ற எண்கள்தாம் முதலில் அரைகுறையாகும். குழாயை இயக்கும் ஐசி (சிப்) பழுதானால் எண் முழுவதுமே ஒளிராது, அல்லது இரண்டு எண்கள் கலந்து தெரியும். (இவ்வகைக் குழாயில் 5 என்பது தலைகீழான 2 வடிவில் இருப்பது இயல்பே.)

நியான் வாயுவுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய பத்து உலோக எண்களில் எது ஒளிர்கிறதோ அதிலிருந்து அணுக்கள் சிதறி, சும்மா இருக்கும் எண்களின்மேல் படிகின்றன. இடது ஓரத்துக் குழாய் ஆண்டுக்கணக்கில் 0 மட்டுமே காட்டியிருக்கும். 8 அப்படித்தான் படிவேறிப் போயிருக்கிறது.

படிவை நீக்க, பாதிக்கப்பட்ட எண்ணை மட்டும் வழக்கமான 2.5 மில்லி ஆம்பியரைப்போல் இரு மடங்கில் ஒளிரவிட வேண்டும். 180 வோல்ட் மின்மூலத்தில், ஒளிரும் குழாயின் குறுக்கே ஏறத்தாழ 140 வோல்ட் நிற்பதால், 8.2 கிலோ ஓம் அரை வாட் மின்தடை சுமார் 5 மில்லி ஆம்பியர் தரும். இதைத் தனி மின்மூலத்தில் செய்யுங்கள். கருவியின் மின்னழுத்தத்தை ஏற்றாதீர்கள். உயிருக்கு ஆபத்தான அழுத்தம் என்பதால் மின்சாரம் இருக்கும்போது கம்பிகளைத் தொடவே கூடாது. அரை மணிக்கொரு முறை பாருங்கள். இருண்ட பகுதிக்குள் ஆரஞ்சு ஒளி ஓரத்திலிருந்து மெல்லப் பரவும். எண் நிறைந்தவுடன் நிறுத்திவிடுங்கள், இல்லையேல் அதன் உலோகம் அடுத்த எண்களில் படியும்.

எந்த எண்ணுமே ஒளிராத குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அதற்குச் சிகிச்சை கிடையாது. மாற்றுக் குழாய் வாங்கும்போது, ஐஎன்-12பி வகையில் மட்டுமே தசமக் குறி உண்டு என்பதைக் கவனித்துக் கேளுங்கள்.