மான் சீசனுக்கு முன் பர்ஸைத் திறப்பவர்களுக்கு

வில் சீசன் வாசலில் நிற்கிறது, துப்பாக்கி சீசனும் வெகுதூரத்தில் இல்லை. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் புதிதாகக் கிளம்பியிருக்கும் நம் ஆட்களின் கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறேன். மூன்று பக்கம் எழுதியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: தள்ளுபடியில் .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றை 480 டாலருக்கு வாங்கினேன். இதை வைத்து இங்கே மான் சுட முடியாது என்று ரேஞ்சில் ஒருவர் சொல்கிறார். கடைக்காரர் வாயே திறக்கவில்லை. இது ஏமாற்று வேலை இல்லையா? (ஓஹாயோ)

பதில்: இல்லை. மானுக்காக வாங்குகிறேன் என்று அவரிடம் சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. .308 தோட்டாவின் பித்தளைக் கூடு மேலே பாட்டில் கழுத்து மாதிரி ஒடுங்கும். ஓஹாயோவில் மான் வேட்டை ரைஃபிளுக்கு நேரான கூடு உள்ள தோட்டாதான் செல்லும், அதுவும் விட்டம் .357 முதல் .50 அங்குலம் வரை. அந்த அனுமதியே 2014இல்தான் வந்தது. .350 லெஜண்ட் என்ற நேர்கூட்டுத் தோட்டா (பெயர்தான் .350, குண்டின் விட்டம் .357) 2019இல் சந்தைக்கு வந்ததே இப்படிப்பட்ட மாநிலங்களை மனதில் வைத்துத்தான்.

கடையை விட்டு வெளியே வந்த துப்பாக்கியைப் பெரும்பாலான கடைகள் பழைய சரக்காகத்தான் பார்க்கும். அவசரப்பட்டு நஷ்டத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் பென்சில்வேனியாவிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் இதே ரைஃபிளால் மான் சுடலாம். வெளிமாநில லைசென்ஸ் கட்டணத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு மாநிலமும் வருடாவருடம் விதிப் புத்தகத்தை இலவசமாகப் போடுகிறது. 480 டாலர் செலவழிக்க நேரம் இருந்தவருக்கு அதைப் புரட்ட மட்டும் நேரம் இல்லை.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்க முடியாது என்கிறார்கள். நண்பர் சிட்டிசன். தன் பெயரில் வாங்கி எனக்குக் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். செய்யலாமா? (ஜார்ஜியா)

பதில்: படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அடுத்தவருக்காகத் தன் பெயரில் துப்பாக்கி வாங்குவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். 2022இல் வந்த சட்டத்தின்படி 15 வருடம் வரை சிறை. உங்கள் விசா கதி என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் நேர்வழி ஒன்று இருக்கிறது. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பது பொது விதி. ஆனால் அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் உங்களிடம் இருந்தால் விலக்கு உண்டு. முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பு, அடுத்து லைசென்ஸ், அப்புறம்தான் கடை. அங்கே துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஒன்றை மறக்கக் கூடாது: லைசென்ஸ் காலாவதியாகும் நாளில் விலக்கும் போய்விடும், அலமாரியில் சும்மா இருக்கும் துப்பாக்கியும் பிரச்சினையாகிவிடும். ஆகவே முன்கூட்டியே புதுப்பியுங்கள். மாநிலச் சட்டம் கூடுதலாக எதுவும் கேட்கிறதா என்று பார்த்து, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடமும் பேசிவிடுங்கள். மத்தியச் சட்டத்தின் கண்ணில் வில் என்பது துப்பாக்கியே இல்லை. முதல் வருடம் வில்லோடு போய்ப் பாருங்களேன்.

கேள்வி: 100 மடங்கு பெரிதாக்கும் ஜூம் பைனாகுலர் 40 டாலருக்கு வருகிறது. வாங்கலாமா? (இல்லினாய்)

பதில்: நான் வாங்கினேன். நீங்கள் வாங்காதீர்கள். 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர்) போதும்.

கேள்வி: 48 மெகாபிக்சல் என்று போட்டிருந்த ட்ரெயில் கேமராவை (விலங்கு வந்தால் தானே படம் எடுக்கும் கேமரா) 120 டாலருக்கு வாங்கி மரத்தில் கட்டினேன். ராத்திரி எடுத்த படத்தில் மானா நாயா என்று தெரியவில்லை. படம் செல்போனுக்கு வர மாதம் 10 டாலர் கட்டு என்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா? (மிசௌரி)

பதில்: கொடுத்துவிடுங்கள், இன்றைக்கே. பெட்டியைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இனி நான் கொஞ்சம் கத்தப் போகிறேன். விருப்பம் இல்லாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

பெட்டியில் போட்டிருக்கும் மெகாபிக்சல், கேமராவுக்குள் இருக்கும் சென்சாருடையது இல்லை. பல கேமராக்களில் சென்சார் சில மெகாபிக்சல்தான். மிச்சத்தை மென்பொருள், இருக்கும் புள்ளிகளுக்கு நடுவே ஊகித்து நிரப்புகிறது. பாலில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுவது போலத்தான். படம் பெரிதாகும், மெமரி கார்டு சீக்கிரம் நிரம்பும், மானின் கொம்பில் ஒரு கிளைகூட அதிகமாகத் தெரியாது. "இன்டர்போலேட்டட்" என்ற சொல் பெட்டியில் இருக்கும். எறும்பு படிக்கும் அளவில் இருக்கும்.

ராத்திரிப் படம் வேறு கதை. வெளிச்சத்துக்கு அகச்சிவப்பு விளக்குகள் இருக்கும். 850 நானோமீட்டர் வகை லேசாகச் சிவந்து தெரியும். 940 வகை கண்ணுக்கே தெரியாது, ஆனால் அந்த ஒளிக்குச் சென்சார் அவ்வளவாக மசியாது என்பதால் எட்டும் தூரம் குறையும். இருட்டில் ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடும். நடக்கும் மான் மங்கி நாயாவது அப்படித்தான். மெகாபிக்சலைப் பார்த்து வாங்காதீர்கள். வேறு யாராவது எடுத்துப் போட்ட ராத்திரிப் படங்களைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம் அந்த மாத வாடகை. மூன்று வருடம் கட்டினால் 360 டாலர், அதாவது கேமரா விலையைப் போல மூன்று மடங்கு. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு வாடகையும் கட்டு என்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? சரி, செல் சிக்னலுக்குச் செலவு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதை விலைக்குப் பக்கத்தில், விலை அளவு எழுத்தில் போட வேண்டியதுதானே? என்னிடம் 3ஜி கேமரா இரண்டு இருந்தன, நன்றாகவே வேலை செய்தன. 2022இல் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் 3ஜியை மூடிவிட்டன. கேமராவில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் ஒரு படமும் வரவில்லை. விற்றவருக்கு எழுதினேன். புது மாடலுக்கு 15 சதவீதத் தள்ளுபடி கூப்பன் வந்தது.

வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி. சந்தா கட்டாவிட்டால் கார்டிலாவது படம் பதியுமா? எட்டு பேட்டரி குளிரில் எத்தனை நாள் தாங்கும்? (சாதா ஆல்கலைன் சீக்கிரம் படுத்துவிடும், லித்தியம் போடுங்கள்.) உங்கள் மாநிலம் இதை அனுமதிக்கிறதா? அரிசோனா 2022 ஜனவரி முதல் வேட்டைக்கு ட்ரெயில் கேமராவையே தடுத்துவிட்டது. யூட்டாவில் பொது நிலத்தில் பெரிய விலங்கு வேட்டைக்கு ஜூலை 31 முதல் டிசம்பர் 31 வரை கூடாது.

கேள்வி: சீசனுக்கு நிலம் குத்தகைக்கு உண்டு என்ற விளம்பரத்தைப் பார்த்து 1,800 டாலர் அனுப்பினேன். நில வரைபடம், மான் படங்கள், ஒப்பந்தம் எல்லாம் அனுப்பியிருந்தார். நான்கு மணி நேரம் ஓட்டிப் போனால் கேட்டில் பூட்டு. உண்மையான உரிமையாளர், "இந்த மாதம் நீங்கள் மூன்றாவது ஆள்" என்றார். மகனையும் கூட்டிப் போயிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. (டெக்சாஸ்)

பதில்: வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. ஒப்பந்தத்தைப் படித்தீர்கள், படங்களைக் கேட்டு வாங்கினீர்கள். எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அதுகூடச் செய்வதில்லை. அந்த ஆள் இதையே தொழிலாக வைத்திருக்கிறான்.

வங்கியின் மோசடிப் பிரிவை இன்றே கூப்பிடுங்கள். ஆள் கணக்குக்கு நேராகப் போன பணம் திரும்புவது கடினம், ஆனாலும் புகார் பதிவாக வேண்டும். பிறகு நிலம் இருக்கும் கவுண்டியின் ஷெரிஃப், எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையம், டெக்சாஸ் அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவு. உரிமையாளரும் சாட்சி சொல்வாரா என்று கேளுங்கள், மூன்று பேர் வந்து நின்றதில் அவருக்கும் எரிச்சல் இருக்கும். கூடிய சீக்கிரம் ஒருவர் போன் செய்து, "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் 200 டாலர்" என்பார். அவர் முதல் திருடனின் பங்காளி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை: டெக்சாஸில் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்தில் எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அந்தப் பெயர்தான் பணம் கேட்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை நேரில் போய், கேட்டை அவர் சாவி திறக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். மகனிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

கேள்வி: இறைச்சி வெட்டும் கடையில் 160 பவுண்டு மானைக் கொடுத்தேன். 44 பவுண்டுதான் திரும்ப வந்தது. மிச்சத்தைத் திருடிவிட்டார்களா? (விஸ்கான்சின்)

பதில்: 160 என்பது உயிரோடு இருந்த எடை என்றால், திருடவில்லை. குடல் முதலியவற்றை எடுத்த பிறகு சுமார் 125 நிற்கும். தோல், தலை, கால் போனால் 94. எலும்பை நீக்கினால், ஒரு கிராம் வீணாகாவிட்டால் 63. தோட்டா பட்டுக் கெட்ட இடம், கொழுப்பு, சவ்வு எல்லாவற்றையும் கழித்தால் நாற்பத்துச் சொச்சம்தான். உங்களுக்குக் கிடைத்தது சரியான கணக்கு.

கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள் கேட்கவில்லை: அது உங்கள் மான்தானா? தொத்திறைச்சி செய்யும்போது பல பேர் மான்களை ஒன்றாகப் போட்டு அரைப்பது வழக்கம். மான்களை உருக்கிக் கொல்லும் சிடபிள்யூடி நோய் உங்கள் மாநிலத்தில் இருக்கிறது. அந்த நோயைப் பரப்பும் புரதம் வேகவைத்தால் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை, என்றாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் சுகாதாரத் துறையின் அறிவுரை. விஸ்கான்சினில் பரிசோதனை இலவசம். ஆனால் கலந்து அரைத்த கறிக்கு உங்கள் மானின் பரிசோதனை முடிவு எதற்கு உதவும்? தனியாக வெட்டித் தருவீர்களா என்று கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் 30 டாலருக்கு ட்ரீ ஸ்டாண்ட் (மரத்தில் கட்டி உட்காரும் மேடை) கிடைத்தது. அதைக் கட்டும் பட்டை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. விழாமல் உடலைத் தாங்கும் ஹார்னெஸ் இல்லை. கவனமாக ஏறினால் போதும்தானே? (அலபாமா)

பதில்: போதாது. கவனமாக ஏறியவர்கள்தான் விழுகிறார்கள், அதுவும் ஏறும்போதும் இறங்கும்போதும். வெளுத்த பட்டை என்றால் வெயில் தின்ற பட்டை. அணில் கடித்ததா என்றும் பார்த்தீர்களா? புது ஸ்டாண்டுகளில் தரச்சான்று பெற்றவற்றின் பெட்டிக்குள்ளேயே முழு உடல் ஹார்னெஸ் இருக்கும். பழையதை விற்கும்போது முதலில் காணாமல் போவதும் அதுதான். பட்டை எல்லாவற்றையும் மாற்றுங்கள். மாடல் எண்ணை வைத்து, திரும்பப் பெறப்பட்ட பொருளா என்று நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் பாருங்கள். ஹார்னெஸ் புதிதாக வாங்குங்கள். இரவல் வேண்டாம், ஐந்து வருடப் பழசும் வேண்டாம். கால் தரையை விட்டதிலிருந்து திரும்பத் தரையைத் தொடும் வரை கயிற்றோடு இணைந்திருங்கள். இதற்கெல்லாம் 30 டாலரைவிட அதிகம் ஆகும். எலும்பு டாக்டர் பில்லை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆரஞ்சுச் சட்டை போட்டால் மான் பார்த்துவிடாதா? அதற்குப் பதில் வாசனையை அடக்கும் 300 டாலர் உடை வாங்கலாம் என்றிருக்கிறேன். (பென்சில்வேனியா)

பதில்: மானுக்குச் சிவப்பு பக்கம் கண் மங்கல், ஆரஞ்சு அதற்கு ஏதோ மந்தமான நிறம். நீலம்தான் பளிச்சென்று தெரியும். ஆகவே "வெண்மை பளபளக்கும்" சோப்பில் துவைத்த உங்கள் பச்சை உருமறைப்புச் சட்டை ஆரஞ்சைவிட மோசம். துப்பாக்கி சீசனில் உங்கள் மாநிலம் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குல ஆரஞ்சு கேட்கிறது. அது மானுக்காக இல்லை, பக்கத்து மரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்காக.

வாசனையை உறிஞ்சக் கரி வைத்த அந்தக் கார்பன் உடை என்னிடமும் உண்டு. வீட்டு டிரையரில் போட்டால் கரி மறுபடி புதிதாகிவிடும் என்று எழுதியிருந்தது. கரியை உண்மையில் புதுப்பிக்கப் பல நூறு டிகிரி சூடு வேண்டும், டிரையர் அதன் கிட்டவே நெருங்காது. காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்படி உட்காருங்கள். அதற்கு விலை இல்லை.

கேள்வி: ஒருவர் பழைய ஈயத் தோட்டா ஐந்து பெட்டி பாதி விலைக்குத் தருகிறார். (கலிஃபோர்னியா)

பதில்: 2019 ஜூலை 1 முதல் உங்கள் மாநிலத்தில் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. அவர் ஏன் பாதி விலைக்குத் தருகிறார் என்று இப்போது தெரிந்திருக்கும்.

கேள்வி: வேட்டைக்கெல்லாம் நான் போவதில்லை. காரில் மான் மோதாமல் இருக்க பம்பரில் ஒட்டும் மான் விசில் வேலை செய்யுமா? (நியூ ஜெர்சி)

பதில்: செய்யாது. நானும் ஒரு ஜோடி ஒட்டியிருந்தேன். அக்டோபரில் ஒரு நாள் மாலை, மான் வந்து பம்பரோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போனது.