குடியை நிறுத்திய பிறகு மனம் ஏன் இன்னும் கலங்குகிறது?

கேள்வி: எனக்கு வயது 43. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தினமும் இரவில் விஸ்கி குடித்துவந்தேன். நிறுத்தினால் பதற்றமும் மனச்சோர்வும் குறையும் என்று இணையத்தில் படித்து, ஒரே நாளில் நிறுத்தினேன். இன்றோடு 19 நாள். மூன்றாம் நாள் இரவு கை நடுங்கியது, சுவரில் எறும்புகள் ஊர்ந்தன. அங்கே ஒன்றும் இல்லை என்றார் மனைவி. நண்பர் கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டுச் சமாளித்தேன். இப்போது தூக்கம் இல்லை, காரணமே இல்லாமல் பயம், அழுகை, கெட்ட கனவுகள், மறதி, இனிப்பின் மேல் ஆசை. நாடித்துடிப்பு 92 காட்டுகிறது. என் மூளை நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா? சில நாட்கள் மறுபடி குடித்துத் தேறியபின், வேறு முறையில் நிறுத்தலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. காரணம், நீங்கள் ஒற்றை வரியில் கடந்துபோன அந்த எறும்புகள்.

மது, நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகிறது. கிளர்ச்சியூட்டும் குளுட்டமேட்டின் வேலையை அடக்குகிறது. இது ஆண்டுக்கணக்கில் தொடரும்போது, மூளை அதை ஈடுகட்டத் தன்னை மாற்றிக்கொள்கிறது: காபாவுக்குச் செவிசாய்ப்பது குறைகிறது, குளுட்டமேட்டின் ஆட்டம் கூடுகிறது. மது இருக்கும்வரை இந்த மாற்றம் வெளியே தெரியாது. ஒரே இரவில் மதுவை நிறுத்தினால், அடக்க ஆளில்லாத கிளர்ச்சி மட்டுமே மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் டெலிரியம் ட்ரெமன்ஸ் எனப்படும் பெருங்குழப்பம் வரலாம். காய்ச்சல், இல்லாததைக் காண்பது, இடமும் காலமும் தெரியாமல் போவது ஆகியவை சேர்ந்து வரும் இந்த நிலை, சிகிச்சை இல்லாவிட்டால் உயிரைப் பறிக்கக்கூடியது.

வார்டில் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கும்போது நான் ஒன்று செய்வதுண்டு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர வெறும் கையை நீட்டி, "இந்த நூலைக் கொஞ்சம் பிடியுங்கள்" என்பேன். குழப்பத்தில் இருப்பவர் அந்த இல்லாத நூலை வாங்கிக்கொள்வார். சிலர் அதைப் பொறுமையாக விரலில் சுற்றவும் தொடங்கிவிடுவார்கள். அவருக்கு அந்த நூல் எவ்வளவு உண்மையோ, உங்களுக்கு அந்த எறும்புகள் அவ்வளவு உண்மை. நீங்கள் அந்த வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறீர்கள். அதைத் திறமை என்று எண்ண வேண்டாம், அதிர்ஷ்டம். குடித்து நிறுத்தி, மறுபடி குடித்து மறுபடி நிறுத்துபவர்களுக்கு ஒவ்வொரு முறையும், மதுவை நிறுத்தும்போது வரும் இந்த விலகல் தொல்லை கடுமையாகிக்கொண்டே போகக்கூடும். சென்ற முறை எறும்புகளோடு முடிந்தது, அடுத்த முறை வலிப்பாக வரலாம். எனவே குடிக்காமல் இருப்பதே வழி. ஒருவேளை தவறிக் குடித்து, அது மீண்டும் தினசரிப் பழக்கமாகிவிட்டால், வீட்டில் தனியாக நிறுத்த முயலாமல் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே நிறுத்துங்கள்.

நண்பரின் மாத்திரை என்னவென்றுகூட நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்தான். மது விலகலுக்கு நாங்களும் பென்சோடயசெபின் என்ற, நரம்பை அமைதிப்படுத்தும் வகை மருந்துகளைத் தருகிறோம். ஆனால் ஈரலின் நிலையைப் பார்த்து மருந்தையும், நடுக்கத்தின் அளவைப் பார்த்து அளவையும் தீர்மானித்து, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் படிப்படியாகக் குறைத்து முடித்துவிடுகிறோம். அதே மாத்திரையை மதுவோடு சேர்த்து விழுங்கினால் மூச்சே நின்றுபோகலாம். வாரக்கணக்கில் விழுங்கினால் அதற்கும் அடிமையாகலாம். இன்னும் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மற்றவற்றில் பாதி, மூளை தன்னைச் சீர்செய்துகொள்வதன் சத்தம். மது, கனவு வரும் உறக்கத்தை அடக்கி வைத்திருந்தது. அது இப்போது வட்டியோடு திரும்புகிறது, போகப்போகக் கெட்ட கனவுகள் அடங்கும். உறக்கம் முழுமையாகச் சீராகச் சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். இனிப்பு ஆசை தானாகக் குறையும். நாடித்துடிப்பு 92 இயல்பான வரம்புக்குள்தான் இருக்கிறது. விரலில் கருவியை மாட்டி மணிக்கொருமுறை பார்ப்பதை நிறுத்தினாலே பாதிப் படபடப்பு போய்விடும். மறதிக்குத் தூக்கமின்மையும் ஒரு காரணம். ஆனால் நடை தள்ளாடினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சில் குழப்பம் வந்தாலோ அது தையமின் என்ற வைட்டமினின் குறைபாடாக இருக்கலாம். அதற்குக் கடையில் வாங்கும் வைட்டமின் மாத்திரை போதாது, அன்றே மருத்துவமனையில் ஊசியாகக் கொடுத்தாக வேண்டும்.

இனி, கடிதம் முழுவதும் நீங்கள் சுற்றிச்சுற்றி வரும் பயம்: குடி இல்லாத என் மனம் இப்படித்தான் இருக்குமோ? 19 நாளில் அதைச் சொல்ல முடியாது. தினமும் குடிப்பவர்களின் சோர்வில் பெரும்பகுதி மது உண்டாக்கியதே, பலருக்கு அது இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் தணியத் தொடங்குகிறது. அதனால்தான் நாங்கள் ஏறத்தாழ நான்கு வாரங்கள் காத்திருந்து, அதன்பிறகும் சோர்வும் பயமும் அப்படியே இருந்தால், குடியால் வராத, ஒருவேளை குடிக்கு முன்பே அங்கு இருந்த தனி நோய் என்று கருதிச் சிகிச்சை தருகிறோம். அப்படி ஒன்று இருந்தால் நீங்கள் பன்னிரண்டு ஆண்டுகளாக அதற்கு விஸ்கியை மருந்தாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள், சரியான மருந்து இனிமேல்தான் தொடங்கும். ஆனால், வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் நான்கு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே வீட்டில் சொல்லிவிட்டு மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு. உங்கள் ஈரலையும் சிறுநீரகத்தையும் சோதித்துவிட்டு எது பொருந்தும் என்று மருத்துவர் சொல்வார். இணையத்தில் படித்து நீங்களே தேர்ந்தெடுக்கும் பட்டியல் அல்ல அது. அவரைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். அந்த மூன்றாம் இரவில் நடந்தது உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.