கொழுந்து பறிக்கும் தோளும் கொக்கி எலும்பும்

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். சில மாதமாக வலது தோளில் வலி. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதியில் பிடிக்கிறது, இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடிவதில்லை. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, மேலே உள்ள எலும்பு கொக்கி மாதிரி வளைந்து உள்ளே இருக்கும் சவ்வை அறுக்கிறது, சீவ வேண்டிவரும் என்றார்கள். வேறு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது மகள். கத்திக்கு அவசரப்பட வேண்டாம்.

தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. சின்னத் தட்டில் தேசிக்காயை வைத்த மாதிரிதான் கை எலும்பின் தலை அதில் நிற்கிறது. அது வழுக்காமல் இழுத்துப் பிடிப்பவை ரொட்டேட்டர் கஃப் எனும் நான்கு தசைகள். அவற்றில் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசையின் தசைநாண் (தசையை எலும்போடு கட்டும் நார்; உங்களிடம் சவ்வு என்று சொன்னது இதைத்தான்), தோள்பட்டை எலும்பின் நுனிக்கு அடியில், ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் இடுக்கில் போகிறது. கையை 60 பாகையிலிருந்து 120 பாகை வரை தூக்கும்போது வலிப்பது இந்தத் தசைநாண் நோயின் வழக்கமான அடையாளம்.

அந்த நுனி சிலருக்குத் தட்டை, சிலருக்கு வளைவு, சிலருக்குக் கொக்கி. எலும்பு உரசித்தான் தசைநாண் கெடுகிறது என்று 1972இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் சார்ள்ஸ் நீர் எழுதினார். அதை நம்பிப் பல வருடம் உலகமெங்கும் எலும்பைச் சீவினார்கள். 2018இல் பிரித்தானியாவில் 313 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. சீவியவர்களுக்கும், துளையிட்டு உள்ளே பார்த்துவிட்டுச் சீவாமலே மூடியவர்களுக்கும் வலி குறைந்ததில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! கொக்கியோடு வலியே இல்லாமல் நடமாடுகிறவர்களும் எத்தனையோ பேர். அதனால் எக்ஸ்ரே படத்தை வைத்து மட்டும் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

நான் பார்ப்பது அம்மாவின் வேலையைத்தான். பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் கூடைக்குள் எறிகிறாரே, நாள் முழுக்க அதே கை, அதே வீச்சு. வயதோடு தேய்ந்த தசைநாணுக்கு இது பெரிய சுமை. வேலையை விடச் சொல்லவில்லை; தோட்டத்து லய வீட்டில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது லேசா? கொஞ்ச நாளைக்கு இடது கையாலும் எறியட்டும். கவ்வாத்துக்கு, அதாவது வெட்டிவிடும் பருவத்துக்கு, வந்த உயரமான செடிகளில் எட்டி எட்டிப் பறிப்பதைக் குறைக்க முடியுமா என்று கங்காணியிடம் கேட்டுப் பாருங்கள். விறகும் தண்ணீரும் வேறு யாராவது தூக்கட்டும் (வீட்டு ஆண்களுக்கும் தோள் இருக்கிறதுதானே).

அப்புறம் பயிற்சி. முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்து, புறங்கையால் சுவரை வெளிப்பக்கமாக மெதுவாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும். லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாளும் நீடித்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். பிசியோதெரபி கிளினிக்கில் ஒருமுறை காட்டிப் படிப்படியாகக் கூட்டுங்கள். மூன்று மாதமாவது பொறுமை வேண்டும். படுக்கும்போது கைக்கு அடியில் தலையணை. எண்ணெய் தேய்க்கலாம், ஆனால் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்க யாரையும் விடாதீர்கள்.

நீங்கள் தூக்கிவிட்டாலும் கை மேலே போகாமல் இறுகி நிற்கிறதா? அது உறைந்த தோளாக இருக்கலாம், சீனி வியாதி உள்ளவர்களுக்கு அதிகம் வரும்; சீனியைச் சோதியுங்கள். சறுக்கி விழுந்தபின் கையே தூக்க முடியாமல் போனால் மட்டும் காத்திருக்காமல் எலும்பு வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். கிழிந்த தசைநாணைத் தைப்பதென்றால் சீக்கிரம் தைப்பது நல்லது.