சளியே இல்லை, அப்புறம் எப்படி டிபி?

கேள்வி: தம்பிக்கு 34 வயது. போன வருடம் கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்தது. இரண்டு மாதமாக வலது அடிவயிற்றில் வலி, சாயங்காலக் காய்ச்சல். எடை 6 கிலோ குறைந்துவிட்டது. கொலனோஸ்கோபியில் புண் தெரிகிறது. டிபி அல்லது குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் என்கிறார்கள். சளி இல்லை, நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார் லேப் ஆள். ஆபரேஷன் வேண்டியிருக்குமா?

பதில்: எக்ஸ்ரேயை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். குடல் டிபி வந்த பலருக்கு நுரையீரலில் ஒன்றும் இருக்காது. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தைத்தான் அது அதிகம் பிடிக்கும். தம்பிக்கு வலியும் அந்தப் பக்கம்தான்.

லேப் ஆளை வாசலோடு அனுப்புங்கள். டிபிக்கான அந்த எதிர்ப்பொருள் சோதனையை இந்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது. தடை காகிதத்தில் இருக்கிறது, கமிஷன் ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள்.

பதில் அந்தப் புண்ணிலிருந்து எடுக்கும் சதைத் துணுக்கில் இருக்கிறது. மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) செய்ய முடியாது. ஒரு பங்கை சலைனில் போட்டு கல்ச்சருக்கும், கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும் அனுப்பச் சொல்லி முன்னாடியே கேளுங்கள். இதைக்கூட நோயாளி வீட்டார்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது! முடிவு தெரியும் முன் குரோன்ஸ் என்று எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டைக் கூட்டினால், டிபியாக இருக்கும் பட்சத்தில் அது பரவும். சிபிநாட் நெகட்டிவ் என்றாலும் டிபி இல்லை என்று ஆகிவிடாது.

டிபிதான் என்றால் பெரும்பாலும் ஆறு மாத மருந்திலேயே குணமாகும். ஆபரேஷன் அடைப்புக்கும் ஓட்டைக்கும்தான். ஆனால் தம்பி விஷயத்தில் ஒரு சிக்கல். டிபி மருந்தில் முக்கியமான ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிடும். கிட்னிக்காகச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் சீக்கிரமே கரைந்துபோகும். ரத்தத்தில் அதன் அளவு விழுந்தால் உடம்பு புதுக் கிட்னியைத் தள்ளிவிடும். அரசு மையத்தில் தரும் இலவச மாத்திரை எடைக்கு அளந்தது, கிட்னிக்கு அளந்ததல்ல. அதனால் கிட்னி டாக்டரிடம் சொல்லாமல் முதல் மாத்திரையைக்கூட விழுங்க வேண்டாம். ரிஃபாபுடின் என்ற மாற்று உண்டு, அதையும் கேளுங்கள். எதுவானாலும் டாக்ரோலிமஸ் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். டிபி மருந்தை நிறுத்தும்போது அந்த அளவு தலைகீழாக ஏறும், அப்போதும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அடைப்பு. குடலில் ஓட்டை விழுந்தால் வயிறு கல் மாதிரி இறுகும் என்பார்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு இறுகாமலும் போகலாம். ஓ.பி. சீட்டுக்காகக் காலை வரை காத்திருக்காமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாற்றுக் கிட்னி இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.