மானுடவியலாளர் ஜேம்ஸ் ஃப்ரேசரின் கடிதங்களையும், அவர் நூலுக்கு வந்த பழைய மதிப்புரைகளையும் ஆய்வுக்காகப் படிக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

முதலில் சரியான பதிப்பைக் கையில் எடுங்கள், கடிதமெல்லாம் அப்புறம். பல நாட்டுத் தொன்மங்களையும் சடங்குகளையும் ஒப்பிடும் அவருடைய 'தி கோல்டன் பௌ' (பொற்கிளை) 1890இல் 2 தொகுதி, 1900இல் 3, 1906–15இல் 12. 1922இல் ஒரே தொகுதியாகச் சுருக்கினார்கள். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் இந்தச் சுருக்கம்தான். அதை வைத்துக்கொண்டு 1901இன் மதிப்புரையைப் படித்தால், அதில் திட்டு வாங்கும் பகுதியே உங்கள் புத்தகத்தில் இருக்காது.

1889 நவம்பர் 8 அன்று பதிப்பாளர் ஜார்ஜ் மேக்மில்லனுக்கு ஃப்ரேசர் எழுதிய கடிதத்தைப் பாருங்கள். பழங்குடிச் சடங்குகளுக்கும் கிறிஸ்தவத்தின் அடிப்படைக் கோட்பாடுகளுக்கும் உள்ள ஒற்றுமை பளிச்சென்று தெரிகிறது, ஆனால் நூலில் அதை நான் சொல்லப்போவதில்லை, முடிவை வாசகரிடமே விடுகிறேன் என்கிறார். 1890 பதிப்பில் அப்படியே அடக்கி வாசித்தார். 1900இலோ இயேசுவின் சிலுவை மரணத்தை பாபிலோனின் சாக்கேயா விழாவோடும் யூதரின் பூரிம் விழாவோடும் வெளிப்படையாகவே முடிச்சுப் போட்டார். 1901இல் நாட்டார் வழக்காற்று அறிஞர் ஆண்ட்ரூ லாங் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். மூன்றாம் பதிப்பில் 1913இல் வந்த 'தி ஸ்கேப்கோட்' (பலிகடா) தொகுதியில் அந்தப் பகுதி பின்னிணைப்புக்குப் போனது. 1922இல் காணாமலே போனது. கடிதம், மதிப்புரை, பதிப்பு மூன்றையும் தேதி வாரியாக அடுக்கினால்தான் இந்தப் பின்வாங்கல் கண்ணில் படும்.

அடுத்து, எங்கே தேடுவது? அவருக்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் உள்ளன. அவர் எழுதியவை, பெற்றவர்களின் காகிதங்களோடு சிதறிக் கிடக்கும். நண்பரும் சமய ஆய்வாளருமான ராபர்ட்சன் ஸ்மித்துக்கு எழுதியவை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில், மேக்மில்லனுக்கு எழுதியவை பிரிட்டிஷ் நூலகத்தில். வந்த கடிதங்களை மட்டும் பார்த்துவிட்டு 'இதற்கு அவர் பதிலே போடவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். நேரில் போக முடியாதவர்களுக்கு, ராபர்ட் அக்கர்மேன் தொகுத்த கடிதங்கள் (2005) உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடிகளை ஆராய்ந்த பால்ட்வின் ஸ்பென்சர், ஃப்ரேசரோடும் பிறரோடும் நடத்திய கடிதப் போக்குவரத்தை மாரெட்டும் பென்னிமனும் 1932இலேயே அச்சாக்கிவிட்டார்கள். இரண்டுமே தேர்ந்தெடுத்த தொகுப்புகள். அவற்றில் ஒரு கடிதம் இல்லை என்பது எதற்கும் ஆதாரமாகாது.

தேதி போடாத கடிதம் வந்தால் தலைப்பு முகவரியைப் பாருங்கள். லிவர்பூல் என்றால் 1908ஐ ஒட்டியது. அங்கே சில மாதம்தான் தாக்குப்பிடித்தார். லண்டன் பிரிக் கோர்ட் என்றால் 1914 அல்லது அதற்குப் பின். அவருக்கு வந்த கடிதம் 'சர் ஜேம்ஸ்' என்று தொடங்கினாலும் 1914க்கு முன் போகாது, நைட் பட்டம் அந்த ஆண்டுதான். 1931இல் பார்வை போனது. அதன் பிறகு அவர் அனுப்பியவை பிறர் கையால் எழுதப்பட்டவை, அதனால் கையெழுத்தை வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள்.

மதிப்புரைகளில் பெரிய தலைவலி, அந்தக் கால இதழ்கள் பலவற்றில் எழுதியவர் பெயரே இருக்காது. 1824–1900 கால இதழ்களுக்கு, பெயரில்லாக் கட்டுரைகளை எழுதியவர் யாரென்று சொல்லும் 'வெல்லஸ்லி இண்டெக்ஸ்' கைகொடுக்கும், ஆனால் எல்லா இதழும் அதில் இல்லை. தொடங்க நல்ல இடம் 'ஃபோக்-லோர்' இதழின் 1901 தொகுதி. இரண்டாம் பதிப்பைப் பற்றிப் பலரிடம் எழுதி வாங்கி, பெயரோடு அடுத்தடுத்து அச்சிட்டிருக்கிறார்கள்.

மேற்கோள் காட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். லாங் 1912இல் இறந்தவர், அவருடைய அச்சான மதிப்புரைக்கு உரிமைச் சிக்கல் இல்லை. ஃப்ரேசர் 1941இல் இறந்தாலும், பிரிட்டிஷ் சட்டப்படி அவருடைய அச்சேறாத கடிதங்களுக்கு 2039 முடியும் வரை பதிப்புரிமை உண்டு. நூலகம் படமெடுக்க அனுமதித்தால் அது வெளியிடும் அனுமதி ஆகாது. முழுக் கடிதத்தை அச்சிட உரிமையாளரிடம் தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.