கிளைடர் உடல் கனக்கிறதா? பாயை விட்டுத் துணிக்கு மாறுங்கள்

வணக்கம். 1.5 மீட்டர் மாதிரி கிளைடருக்கு, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நறுக்கிழைப் பாய் (நறுக்கிய கண்ணாடி இழைகளால் ஆன விரிப்பு) இரண்டு அடுக்குப் போட்டும் உடல் கனத்துப்போய், வால் பக்கம் விரிசலும் விட்டது என்று எழுதியிருந்தீர்கள். பாய்தான் காரணம். தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ரெசின் (இழைகளைப் பிணைத்து இறுகும் பிசின்) குடிக்கும். நெய்த கண்ணாடி இழைத் துணிக்குச் சம எடை போதும்.

அச்சில் முதலில் 50 கிராம் துணி, ஊசித்துளைகள் குறையும். அதன்மேல் 160 கிராம் துணி ஒன்று. மூக்கிலும் இறக்கை உட்காரும் இடத்திலும் மட்டும் இன்னொன்று. வால் குழாய்க்கு 160ஐ 45 பாகை சாய்த்து வெட்டுங்கள், முறுக்கைத் தாங்கும். வாலில் கூடும் ஒரு கிராமுக்கு மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும்!

எப்பாக்ஸி ரெசின் தடவிய பின் டாய்லெட் பேப்பரை உருட்டி ஒற்றியெடுங்கள். துணியின் நெசவு தெரிய வேண்டும். கண்ணாடி போல் பளபளத்தால் ரெசின் அதிகம்.

அப்புறம், நானும் உங்களைப் போலத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம்தான். ஒரு டிசம்பர் புழுக்கத்தில் கராஜில் போட்டுவிட்டு விடிந்து பார்த்தால் எப்பாக்ஸியின் மேலெல்லாம் ஈரப்பதத்தால் வந்த மெழுகுப் பிசுக்கு. அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்த ஒட்டு வேலை. கழுவாமல் ஒட்டிய என் முதல் உடல், இரு பாதிகளும் சேரும் தையலோடு பிளந்தது.