இரண்டு பிரைவேட் பைலட்கள் சேர்ந்து பறந்தால் லாக்புக்கில் (பறந்த நேரத்தை எழுதும் பதிவேட்டில்) நேரம் யாருக்கு?

அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ. (விமானப் போக்குவரத்து ஆணையம்) விதி 61.51-ன்படி, அந்த வகை விமானத்துக்குத் தகுதி பெற்ற பைலட், கன்ட்ரோலைத் தனியாகப் பிடித்து ஓட்டிய நேரத்தை பைலட் இன் கமாண்ட் (தலைமை பைலட்) நேரமாக எழுதலாம். போகும்போது நீங்கள், திரும்பும்போது நண்பர் என்றால் அவரவர் பங்கு அவரவருக்கு. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு ஒன்றும் கிடையாது. அன்றைய பயணத்துக்குப் பொறுப்பாளர் அவரே என்றாலும்கூட. இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

சரி, இருவரும் ஒரே நேரத்தை எழுதவே முடியாதா? முடியும். ஒருவர் ஹூட் (வெளியே தெரியாதபடி பார்வையை மறைக்கும் மறைப்பு) போட்டு, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகினால், பக்கத்தில் வெளியே கவனித்துக்கொள்ளும் சேஃப்டி பைலட் சட்டப்படி கட்டாயம். பொறுப்பை அவர் ஏற்பதாகக் கிளம்பும் முன்பே பேசிக்கொண்டால் அவருக்கும் பைலட் இன் கமாண்ட் நேரம். இல்லையென்றால் செகண்ட் இன் கமாண்ட் (துணை பைலட்) நேரம். சேஃப்டி பைலட்டுக்கு, மற்றவர் ஹூட் போட்டிருந்த நிமிடங்கள் மட்டும்தான், டாக்சி (தரையில் ஓட்டுவது), டேக்-ஆஃப் சேராது. ஹூட் போட்டவர் சேஃப்டி பைலட்டின் பெயரையும் குறிக்க வேண்டும்.